கீழ வீட்டுப் பிரசவம்

அந்த ஆள் வாசலில் வந்து நின்றபோது நானும் பெல்தானியும் எண்ணெய்க் குப்பிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

காலையிலிருந்தே மேற்கு வானம் சுட்ட செங்கல் நிறத்தில் கிடந்தது. உச்சிப்பொழுது சாய்வதற்குள் புழுதிக்காற்று கூதா நகரத்துக்குள் புகுந்துவிட்டது. முதலில் நெர்கல் கோயில் கோபுரம் மறைந்தது. அப்புறம் சந்தை. அப்புறம் எதிர்வீட்டுச் சுவர். நாங்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டிருந்தோம். கோடை உச்சத்துத் தம்மூஸ் மாதப் புழுதியில் வேறென்ன செய்வது?

"குப்பியை மூட ஒரு துணி கெடைக்கலையா உனக்கு? எண்ணெய் பூரா மண்ணு. இதைத் தடவுனா பிள்ளைக்குத் தோல் உரிஞ்சுடும்."

"நேத்து முட்டி வலின்னு எடுத்துத் தேய்ச்சது யாரு? நானா?"

"என் முட்டி, என் எண்ணெய். உன் வாய்க்குத்தான் மூடியே கெடையாது அண்ணி."

பெல்தானி என் புருஷனின் தங்கை. இருவருக்கும் புருஷன்மார் போய்ச் சேர்ந்தபின் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அவள் மருத்துவச்சி. கூதாவில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்து விழுந்தவர்கள். நான் அவளோடு போவேன். வலியில் இருக்கும் பெண்ணின் முதுகைத் தாங்கிக்கொள்வேன். அந்தப் பெண் முனகினால் நானும் முனகுவேன், அலறினால் நானும் அலறுவேன். தனியாக வலிப்பதைவிட அது கொஞ்சம் லேசு. 'கை அவளுது, வாய் இவளுது' என்று ஊரில் எங்களைச் சொல்வார்கள்.

ஒரே ஒரு பிரசவத்தில் மட்டும் அவள் என்னை வெளியே நிறுத்தினாள். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் மகளுக்கு வலி கூடும் என்றாள். கதவு திறந்தபோது என் மகள் ஷிமா குளிர்ந்துபோயிருந்தாள். பிள்ளை வெளியே வரவேயில்லை. அது அதற்கு முந்தைய வருஷம். அதன்பிறகு நாங்கள் எண்ணெய்க்கும் உப்புக்கும்தான் சண்டை போட்டோம். வேறு எதையும் பேசவில்லை.

"மருத்துவச்சி வீடு இதுதானே?"

வாசலில் நின்றவன் ஒல்லியாக, நிலைக்குக் குனிய வேண்டிய உயரத்தில் இருந்தான். முகத்தைச் சுற்றித் துணி. அன்று எல்லோர் முகத்திலும் துணிதான்.

"எங்கேருந்து வர்றீங்க?" என்றாள் பெல்தானி.

"கீழ வீட்டிலேருந்து. எங்க அம்மாவுக்கு வலி."

வாய்க்கால் கரைப் பக்கம் தாழ்வாக இருக்கும் வீடுகளை நாங்கள் கீழ வீடுகள் என்போம். எஜமானியை 'அம்மா' என்பது வேலைக்காரர் வழக்கம். அதனால் சந்தேகப்பட எதுவும் இல்லை.

"எப்போ ஆரம்பிச்சுது?"

"ரொம்ப நாளாச்சு."

"நாளா? இவ்வளவு நாளும் என்ன பண்ணிட்டிருந்தீங்க? வாசல்ல நின்னு காத்து வாங்கினீங்களா?"

"இதுக்கு முன்னாடி யாரையும் கூப்பிடணும்னு தோணலை," என்றான் அவன்.

பெல்தானி, பெறுகிறவள் மிதித்துக் குந்தும் பிரசவச் செங்கற்களைப் பையில் போட்டாள், கொடி அறுக்கும் நாணல் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினாள். மண் கலந்த எண்ணெயையே எடுத்துக்கொண்டோம். தெருவில் இரண்டடி முன்னால் இருப்பது தெரியவில்லை. நான் அவன் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டேன், பெல்தானி என் தோளை. காற்று சுவர்களைப் பிறாண்டியது. எங்கள் இருவருக்கும் இருமல் நிற்கவில்லை.

அவன் ஒரு தடவைகூட இருமவில்லை என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வாய்க்காலுக்குப் போகும் வழி இறக்கம்தான். ஆனால் அந்த இறக்கம் முடியவேயில்லை. காலடியில் மண் போய்ப் படிகள் வந்தன. ஈரச் சேற்று வாடை வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பதிலுக்கு நீண்ட நாள் திறக்காத தானியக் குதிரின் வாடை வந்தது, கூடவே பறவை எச்சத்தின் காரம். எங்கோ ஒரு படியில் காற்றின் சத்தம் அறுந்து விழுந்தது. அதுவரை கத்திப் பேசிக்கொண்டு வந்த பெல்தானியின் குரல் திடீரென்று மிகப் பெரிதாகக் கேட்டது. அவளே வாயை மூடிக்கொண்டாள்.

முன்னால் ஒரு கதவு. பக்கத்தில் சிறு விளக்கோடு ஒரு காவல்காரன். வெளிச்சம் அவன் கைகளில் மட்டும் விழுந்தது. எங்களைக் கூட்டிவந்தவன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

"நருப்தும். பெல்தானி." எங்கள் பேரைக் காவல்காரன் சரியாகச் சொன்னான். "வலி கண்ட வீடு. முடிச்சு போட்டது எதுவும் உள்ளே போகக்கூடாது."

"பரவாயில்லையே, விவரம் தெரிஞ்ச வீடுதான்," என்று பெல்தானி என் காதில் சொன்னாள்.

எங்கள் ஊரில் அப்படித்தான். ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் வீட்டில் உள்ள முடிச்சையெல்லாம் அவிழ்ப்போம். மூட்டை வாய், ஆட்டுக் கயிறு, கூந்தல், எல்லாம். முடிச்சு இருந்தால் பிள்ளை சிக்கிக்கொள்ளும். அதனால் தலைத்துணியை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தோம்.

அடுத்த கதவில் செருப்பு வாரை அவிழ்க்கச் சொன்னான். அதற்கடுத்ததில் பாசிமணிச் சரம். பிறகு இடுப்புக் கச்சை. பெல்தானி நாணல் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டாள். வளையலைக் கேட்டபோது மட்டும் அவள் முறைத்தாள்.

"இது வளையல்யா. இதுல எங்க முடிச்சு இருக்கு?"

"ஆரம்பமும் முடிவும் சேர்ந்திருந்தா அதுவும் முடிச்சுதான்."

ஷிமா போனதிலிருந்து கழற்றாத என் தாயத்தையும் ஒரு கதவில் அவிழ்த்துக் கொடுத்தேன். கடைசியாக மேலாடையின் தோள் முடிச்சு. உள்ளே பெண்கள்தானே என்று அதையும் கொடுத்தோம். எத்தனை கதவு என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அங்கேயே திரும்பி ஓடியிருப்பேன்.

உள்ளே நீளமான கூடம். கணுக்கால் புதையும் அளவுக்குப் புழுதி. வெளியே பறக்கும் புழுதி சூடானது. இது சில்லென்று, மாவு போல இருந்தது. நடந்தால் சத்தமே இல்லை.

"பிள்ளை பொறக்கிற வீட்டைக் கூட்டிப் பெருக்க ஒரு ஆள் இல்லையா?" என்றாள் பெல்தானி. குரலில் பழைய காரம் இல்லை.

சுவரோரமாக ஆட்கள் நின்றார்கள். இரண்டு பக்கமும், விளக்கு எட்டாத தூரம் வரை. எல்லோரும் இறகு தைத்த போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. வாய்கள் மட்டும் அசைந்தன, எதையோ மென்றுகொண்டே இருந்தார்கள்.

"சொந்தக்காரங்க எல்லாம் வெளியே போங்க. அந்தப் பொண்ணுக்குக் காத்து வரணும்."

யாரும் நகரவில்லை.

கூடத்தின் கடைசியில் கட்டில். அதில் அந்த அம்மாள்.

அவள் தோளில் துணி இல்லை. மேலே போர்த்த ஒரு முரட்டுத்துணிகூட யாரும் போடவில்லை. தலைமுடி வேரோடு பிடுங்கிக் குவித்த வெங்காயத்தாள் மாதிரி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. பத்து விரலாலும் தரையைப் பிறாண்டியிருந்தாள். கட்டிலைச் சுற்றி நீள நீளமான பள்ளங்கள். வயிறு மேடாக, இறுகி, மூச்சுக்கு அசையாமல் இருந்தது.

காவல்காரன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தான். "உட்காருங்க."

"பிள்ளை தலை தெரியாம நாங்க உட்கார்றதில்லை," என்றாள் பெல்தானி. அது அவள் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வைத்திருக்கும் வழக்கம்.

தட்டில் ரொட்டி வந்தது. "பிள்ளை அழுத அப்புறம்தான் ரொட்டி," என்றாள். குவளையில் பார்லிக் கள் வந்தது. எனக்கோ தொண்டை காய்ந்து வெடித்திருந்தது. கை நீட்டிவிட்டேன். பெல்தானி என் மணிக்கட்டில் ஒரு அடி வைத்தாள்.

"வேலை முடியட்டும். அப்புறம் குளிச்சுக்கோ அதுல."

காவல்காரன் மறுபடி போனான். ஒரு செம்பும் தாம்பாளமும் கொண்டுவந்தான்.

"கால் கழுவிக்கோங்க."

குனியப் போனவள் நிமிர்ந்துவிட்டேன்.

நாற்காலி. ரொட்டி. கள். கால் கழுவ நீர்.

கூதாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் அந்த வரிசை. எங்கள் நெர்கல் சாமி ஒருமுறை கீழே போனபோது அவருக்குச் சொல்லி அனுப்பினார்களாம்: நாற்காலி போடுவார்கள், உட்காராதே. ரொட்டி தருவார்கள், கடிக்காதே. கள் ஊற்றுவார்கள், குடிக்காதே. கால் கழுவ நீர் தருவார்கள், நனைக்காதே. இதில் ஒன்றைச் செய்தாலும் திரும்பி வர முடியாது. கோயில் திருவிழாவில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடும்.

கீழ வீடு.

எரெஷ்கிகல். செத்தவர்களின் ராணி. நெர்கலுக்குப் பெண்டாட்டி. அந்தப் பேரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்று இந்த ஒரு தடவைதான் சொல்கிறேன்.

செம்பைத் தள்ளிவிட்டேன். குனிந்து பெல்தானியின் காதருகே போனேன். அவள் ஏற்கெனவே கட்டிலருகே மண்டியிட்டு, அந்த வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"பெல்தானி... இது யாரு வீடுன்னு..."

"தெரியுது."

"எப்போ தெரிஞ்சுது?"

"கை வெச்சப்போ." அவள் திரும்பவில்லை. "வாயை மூடிட்டு முதுகைத் தாங்கு. வேலையைப் பாதியில விட்டா நம்மளை விடுவாங்கன்னா நெனைக்கிற?"

கட்டிலில் ஏறி உட்கார்ந்து அந்த அம்மாளின் முதுகை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். எடையே இல்லை. ஆனால் குளிர். பனிக்கால வாய்க்கால் நீரை மடியில் வைத்தது போல.

வலி வந்தது.

"எரியுதே," என்றாள். அலறலைவிடக் கொடுமையான மெல்லிய குரல். "வயிறு எரியுதே."

எனக்குப் பயத்தில் பல் கிட்டியிருந்தது. ஆனாலும் பழகிய வாய். அதுவாகத் திறந்தது.

"எரியுதுடி தாயி. எரியுது."

"இடுப்பு முறியுதே."

"முறியுதும்மா. முறியுது."

"போதும்னு சொல்லுங்களேன் யாராவது."

"போதும்," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் மடியில் இருந்தால் என்ன, வலி வலிதான். "போதும் என் தங்கமே. போதும்."

அவள் முனகல் நின்றது.

கூடத்தில் மெல்லும் சத்தமும் நின்றது.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். பயங்கரமான முகம் இல்லை அது. பல நாள் தூங்காத ஒரு தாயின் முகம். கண்கள் மட்டும் வறண்டிருந்தன, மழை பார்க்காத மண்ணைப் போல.

"இங்க வர்ற எல்லாரும் தங்களுக்காகத்தான் அழுவாங்க," என்று கிசுகிசுத்தாள். "எனக்காக யாரும் அழுததில்லை. என்ன வேணும் உனக்கு? கேளு."

நான் வாய் திறக்குமுன் பெல்தானியின் குரல் வந்தது.

"அண்ணி."

அவள் வலதுகை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என் விரலைப் பிடிச்சிருக்கு."

"எது?"

"கை. சின்னக் கை. இந்தக் கையை எனக்குத் தெரியும்."

நான் அந்த அம்மாளின் முதுகை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"ஷிமாவுக்குக் கைதான் முன்னாடி வந்துச்சு. உன்கிட்ட சொல்லலை. எப்படிச் சொல்வேன்? உள்ளே தள்ளித் திருப்பப் பார்த்தேன். என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. அவ மூச்சு நின்ன அப்புறமும் அது பிடிச்சிட்டு இருந்துச்சு. இதே பிடி. இதே விரல்."

அவள் கை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அவள் தள்ளவில்லை. அது இழுத்தது.

என் கண் தானாகச் சுவரோரம் போனது.

மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நின்றவளுக்குத் தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர்க்குடம் தூக்கித் தூக்கிச் சரிந்த தோள். நான் எத்தனையோ தடவை திட்டிய தோள்.

"ஷிமா."

அவள் தலை திரும்பவில்லை. சாய்ந்தது. சத்தம் கேட்ட பறவை தலையைச் சாய்ப்பது போல. இறகு போர்வையில் இல்லை, தோலில் இருந்தது. வாய் திறந்தது. உள்ளே களிமண்.

"அம்மா," என்றாள். மண் உதிர்ந்தது. "தாகம்."

காவல்காரன் எனக்குப் பின்னால் வந்து நின்றான். "ஒண்ணு கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு."

"பொண்ணைக் கேளு அண்ணி!" பெல்தானியின் கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது. அவள் கன்னம் அந்த வயிற்றோடு ஒட்டியிருந்தது. "எனக்கு யாரு இருக்கா? என்னை விடு. பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போ. போடி!"

வாழ்நாளில் அவள் என்னை 'போடி' என்றது அந்த ஒரு தடவைதான்.

நான் ஷிமாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண் சிமிட்டாமல்.

"என் நாத்தனார் கையை விடச் சொல்லுங்கம்மா," என்றேன்.

ஏன் அப்படிக் கேட்டேன்? உயிரோடு இருப்பவளைக் கொடுத்துச் செத்தவளை வாங்க மனசு வரவில்லை என்று பலநாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பாதி உண்மை. அந்தப் படிகளில், அந்த இருட்டில், எனக்குப் பின்னால் அந்தக் கால்கள் புழுதியில் நடந்து வருவதை நினைத்தேன். வீட்டில் என் பக்கத்துப் பாயில் அது படுப்பதை நினைத்தேன். என் மகளைப் பார்த்து நான் பயந்தேன். அது மீதிப் பாதி.

ஷிமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடி மெல்லத் தொடங்கினாள்.

"அவளை நான் பிடிக்கலையே," என்றாள் கட்டிலில் இருந்தவள். "போகட்டும். பிடிச்சிருக்கிறதும் கூடப் போகட்டும்."

பெல்தானி பின்னால் மல்லாந்து விழுந்தாள். அவள் கை வெளியே வந்திருந்தது. ரத்தம் இல்லை, ஈரம் இல்லை, முழங்கை வரை சாம்பல் நிறப் புழுதி. கையில் எதுவும் இல்லை. ஆனால் ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு, வளைந்து நின்றது. மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

அந்த அம்மாளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு விரல்களால் தரையைத் தேடினாள். நாங்கள் ஓடினோம்.

ஒவ்வொரு கதவிலும் காவல்காரன் எங்கள் பொருளைத் திருப்பிக் கொடுத்தான். மேலாடை, தாயத்து, வளையல், எல்லாம். ஒன்றும் குறையவில்லை. கடைசிக் கதவில் தலைத்துணியை நீட்டியபோது பெல்தானியின் கையைப் பார்த்துச் சொன்னான்:

"ஒண்ணு மேல போனா ஒண்ணு கீழ வரணும். அதான் இங்க வழக்கம்."

"யாரு வரணும்?" என்றேன்.

"அவசரம் இல்லை. சின்னதுதானே. வளரட்டும்."

மேலே வந்தபோது புழுதி அடங்கியிருந்தது. மாலை வெயில் மஞ்சளாக வாய்க்கால் மேல் கிடந்தது. ஒருவன் மீன் விற்றுக்கொண்டு போனான். பிள்ளைகள் கூரைகளில் இருந்து மண்ணைத் தள்ளி விளையாடின. அடுத்த வீட்டுக்காரி துடைப்பமும் கையுமாக நின்றாள்.

"எந்த வீட்டுல பிரசவம்? ஆணா, பொண்ணா?"

பெல்தானி தன் கையைக் குனிந்து பார்த்தாள்.

அதன்பிறகு அவள் அந்தக் கையை மார்போடு சேர்த்தே வைத்திருந்தாள். மடியில் படுத்திருக்கும் பிள்ளை விரலைப் பிடித்திருந்தால் எப்படி அசையாமல் வைத்திருப்போமோ அப்படி. எண்ணெய் போட்டு நீவிப் பார்த்தேன். விரலைச் சுற்றித் தோல் பள்ளமாகவே இருந்தது. நான் தொட்டால் பள்ளம் இன்னும் இறுகும்.

கோயில் மந்திரவாதியைக் கூப்பிட்டோம். மாவால் வட்டம் போட்டார், நாட்டுப்பேரீச்சை ஓலையை எரித்தார், விரலைப் பார்த்தார். வட்டத்தைக் காலால் அழித்துவிட்டு எழுந்துவிட்டார்.

"பேய்னா பேர் சொல்லி விரட்டலாம். இதுக்கு யாரும் பேரே வைக்கலையே. எதைச் சொல்லி நான் விரட்டுவேன்?"

அவர் போனபின் பெல்தானி கேட்டாள்: "பேர் வெச்சுடலாமா அண்ணி?"

"வெச்சா நம்ம வீட்டு ஆளாயிடும்."

"இப்போ மட்டும் யாரு வீட்டு ஆளாம்?"

நாங்கள் பேர் வைக்கவில்லை.

அடுத்த அறுவடைக்கு அவள் கை கீழே இறங்கியிருந்தது. முழங்கால் உயரத்துக்கு. ஒரு பக்கமாகக் குனிந்து, மெல்ல மெல்ல அடி வைத்து நடந்தாள். நடை பழகும் பிள்ளையைக் கூட்டிப்போகிறவள் போல. தெருவில் நாய்கள் அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை. வழி விட்டு ஒதுங்கின.

குயவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்தபோது அவள் போனாள். ஒற்றைக்கையால் செய்துவிடலாம் என்றாள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்தானியின் முழங்காலுக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

"அதை வெளியே அனுப்புங்க," என்றாள். பிறகு அலறத் தொடங்கினாள். "அதை வெளியே அனுப்புங்க! என் வயித்தையே பார்க்குது!"

அதோடு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.

ஒவ்வொரு தம்மூஸ் மாதமும் அந்தக் கை கொஞ்சம் உயர்ந்தது. தொடை வரைக்கும். இடுப்பு வரைக்கும். தூங்கும்போது பாய்க்கு வெளியே நீண்டிருக்கும். காலையில் பார்த்தால் அந்தப் பக்கம் புழுதி மெழுகினாற்போல அமுங்கியிருக்கும், யாரோ படுத்து எழுந்தது மாதிரி. பெல்தானி சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். நான் வேண்டுமென்றே எண்ணெய்க் குப்பியைத் திறந்து வைப்பேன். அவள் பேசாமல் மூடிவிட்டுப் போவாள்.

இந்த வருஷம் கை தோள் உயரத்துக்கு வந்தது. அப்புறம் தோளைத் தாண்டியது. தன்னைவிட உயரமான ஒருவரோடு நடப்பவள் போல அண்ணாந்துகொண்டு நடந்தாள். "வலிக்குதா?" என்று கேட்டால், "பிடி பலமாயிருக்கு," என்று மட்டும் சொல்வாள்.

இன்று மத்தியானம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தோம். நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கு எதிரே, ஒற்றைக்கையால் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அனல்காற்றுகூட இல்லாத வெயில். ஒரு இலை ஆடவில்லை.

திடீரென்று அவளது வலதுகை பொத்தென்று மாவில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தோம். அவள் ஆள்காட்டி விரலை மடக்கினாள். மடங்கியது. நீட்டினாள். நீண்டது. விரலைச் சுற்றியிருந்த பள்ளம் மெல்ல ரத்தம் ஊறிச் சிவந்து நிரம்புவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"விட்டுடுச்சு," என்றாள். பிறகு அழுதாள். பிறகு சிரித்தாள். "அண்ணி, விட்டுடுச்சு! பாரு! பாரு!" இரண்டு கையாலும் மாவை அடித்து, உருட்டி, ஒரு உருண்டையை என்மேல் எறிந்தாள். "இவ்வளவு உப்பு போட்டா மாட்டுக்குத்தான் வைக்கணும். யாரு போட்டா உப்பு? உனக்கு நாக்கு செத்துப்போச்சா?"

எத்தனையோ வருஷத்துக்கப்புறம் திட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் உப்பு, என் மாவு," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் கண் என் முகத்தில் இல்லை. என் நெற்றிக்கு மேலே இருந்தது. அப்புறம் இன்னும் மேலே, எனக்குப் பின்னால், கூரை உயரத்துக்குப் போய், மெதுவாக மறுபடி என் தலைக்கு வந்தது.

"என்னடி?" என்றேன்.

"அண்ணி." உதடு மட்டும் அசைந்தது. "உன் முடி அமுங்குது."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. கனம் இல்லை. குளிர் மட்டும். உச்சந்தலையில், ஐந்து விரல் அகலத்துக்கு.

"யாரு?" என்றேன். "யாருன்னு தெரியுதா உனக்கு?"

பெல்தானி மாவு அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலையை மட்டும் அசைக்காதே," என்றாள்.

அடுப்பு அணைந்துவிட்டது. வெயில் சுவரில் ஏறிப் போய்விட்டது. 'ஒண்ணு கீழ வரணும், வளரட்டும்' என்ற காவல்காரன் குரல் என் காதிலேயே கிடக்கிறது. அவள் இன்னும் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் இன்னும் அசைக்கவில்லை.